பேர் தெரியாத மரமும் நான் ஓடிய ஓட்டமும்

இரண்டு கண்ணும் போய்விட்டது என்று நம்பிக்கொண்டு ஒரு மனிதன் தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடினான். ஓடுகிறபோதே வழியிலிருந்த கடைப் பலகைகளை ஒன்றுவிடாமல் வாசித்துக்கொண்டும் போனான். கருவாடு மொத்த வியாபாரம். சுருட்டு, பொடி, வகையறா. சவப்பெட்டி ஆர்டரின்பேரில் செய்து தரப்படும். கடைசிப் பலகையை மட்டும் நின்று இரண்டு தரம் வாசித்தான். கண் போனவன் பலகை வாசிப்பானா என்கிற கேள்வி அவனுக்குத் தோன்றவே இல்லை. அந்த அறிவாளி நான்தான்.

நான் நம்பியது இதுதான்: என் கண்ணில் பட்டது தில்லைப் பால். தில்லை என்பது புன்னைக்காயல் பக்கம் கழிமுகச் சேற்றில் நிற்கிற மரம். கிள்ளினால் வெள்ளையாகப் பால் வடியும். அது கண்ணில் பட்டால் பார்வை போகும் என்பது கடற்கரையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. நானோ ஆழ்வார்திருநகரிப் பக்கத்து வயல்காட்டுக்காரன். எனக்குத் தெரிந்த மரங்கள் மருது, புளி, வாழை. அதிலும் வாழை மரமே இல்லை என்று வேலைக்குச் சேர்ந்த பிறகு ரேஞ்சர் ஐயா சொல்லித்தான் தெரியும்.

போன மாதம் எனக்குப் பிரிவு உபசாரம் நடந்தது. ஐம்பத்தைந்து ஆனால் சர்க்கார் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. தலையில் பாதி கறுப்பு இருக்கும்போதே ஆளைக் கிழவன் ஆக்குகிற காரியம் அது. பையன்கள் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "அண்ணாச்சி, உங்க சர்வீஸ்ல மறக்க முடியாதது எது? யானையா, சந்தனக்கட்டைக் கள்ளனா?" என்றார்கள். மேஜையில் ஒரு தட்டில் வாழைப்பழம், ஆரஞ்சுச் சுளை, நறுக்கி வைத்த இன்னொரு பழம். நான் வாழைப்பழத்தை எடுத்தேன். ஒருவன் மற்றப் பழத்தை என் பக்கம் தள்ளினான்.

"அது வேண்டாம்வே."

"சுகரா அண்ணாச்சி?"

"இல்லவே. குடும்பப் பகை."

எல்லோரும் சிரித்தார்கள். நான் எதைச் சொன்னாலும் சிரிப்பார்கள். முப்பது வருஷ சர்வீசில் நான் சம்பாதித்த பெயர் அது. அந்தப் பெயரால் ஒருத்திக்கு ஒரு மரம் போயிற்று என்று அவர்களிடம் சொன்னால் அதற்கும் சிரித்திருப்பார்கள். ஆகவே எழுதிவைக்கிறேன். எழுத்தைப் பார்த்தாவது சிரிக்காமல் இருக்கிறார்களா பார்ப்போம்.

காட்டிலாகா கார்டு வேலைக்குப் பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு காக்கி நிக்கர் தந்தார்கள். எனக்கு முன்னால் கார்டாக இருந்தவர் என்னைப் போல இரண்டு பங்கு. அவருடைய நிக்கருக்குள் நான் நடந்தால் நிக்கர் அரை நிமிஷம் கழித்துத்தான் நடக்கும். யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரிப்புகையில் ஓடிக்கொண்டிருந்தன. விளாத்திகுளம் பக்கத்து வேலிமுள்ளிலிருந்து கடலோரச் சவுக்கு வரைக்கும் விறகாகவும் கரியாகவும் போய்க்கொண்டிருந்தது. ஒரு மரத்தைப் பார்த்தால் இது எத்தனை வண்டி என்று கணக்குப் போடுகிற கண்தான் எங்கள் எல்லோருக்கும் வந்திருந்தது. அந்த ஆபீசிலேயே மரத்தை மரமாகப் பார்த்தவர் ரேஞ்சர் சோமசுந்தரம் ஒருவர்தான்.

ஒல்லியான மனிதர். குரல் எழும்பாது. மேஜையில் பூதக்கண்ணாடி ஒன்று, பழைய பிளேடு ஒன்று, குண்டூசி நாலைந்து எப்போதும் கிடக்கும். யாராவது ஒரு இலையைக் கொண்டுபோய் நீட்டினால் முதலில் வாங்க மாட்டார். "எங்கன நின்னுது? மண்ணு என்ன? தனியா நின்னுதா, கூட்டமாவா?" என்று கேட்பார். அப்புறம் வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நரம்பு பார்ப்பார். கசக்கி மோந்து பார்ப்பார். காதருகில் வைத்துக் கிழிப்பார், கிழிகிற சத்தத்துக்காக. இத்தனையும் செய்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொல்வார்: "இருக்கலாம்."

நாங்கள் அவருக்கு வைத்திருந்த பெயரே "இருக்கலாம் ஐயா". ஒரு தடவை பெரிய அதிகாரி ஒருவர் காரை விட்டிறங்கி, ஆபீஸ் வாசலில் நிற்கிற மரத்தைக் காட்டி, "வேப்பமரம்தானே?" என்று கேட்டார். எங்கள் ரேஞ்சர் நிமிர்ந்து கிளையெல்லாம் பார்த்துவிட்டு, "இருக்கலாம் சார், இப்ப பூ இல்ல" என்றார். நான் உள்ளே ஓடிப்போய் வாயில் துண்டை வைத்து அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

என்னிடம் மட்டும் ஒரு நாள் காரணம் சொன்னார். "வேலாயுதம், இலையைப் பாத்துப் பேரு சொல்லுதவன் பந்தயம் கட்டுதான். பட்டையும் சேத்துப் பாத்தா பந்தயத்துல பாதி செயிச்சுட்டான். பூவைப் பிரிச்சு எண்ணிப் பாத்தவன்தான் பாத்தவன். நான் சர்க்கார் பேனாவால பந்தயம் கட்ட மாட்டேன்."

நல்ல பேச்சு. இன்றைக்கும் அதில் தப்பு சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதுதான் சங்கடம்.

அந்த வருஷம் சங்குக்குளிப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. வெளியூர்க்காரர்கள் முத்துக்குளித்துறை என்றதும் முத்தைத்தான் நினைப்பார்கள். முத்து எடுத்து அப்போதே பல வருஷம் ஆகியிருந்தது. குளிக்கிறவர்களுக்குச் சோறு போட்டது சங்குதான். சீசன் கொஞ்ச மாதந்தான். அதில் ஒரு வாரம் படுத்துவிட்டால் வருஷம் முழுக்க அந்த வீட்டில் அது தெரியும்.

கடற்கரைத் தெரு ஒன்றில் மரியான் என்று ஒரு குளியாள் இருந்தான். அவன் வீட்டுக்கு அடுத்த வீடு லூர்தம்மாள். அவள் முற்றத்தில் ஒரு மரம். அதன் கிளை மரியான் வீட்டுக் கூரைமேல் படர்ந்திருந்தது. கருவாடு காயப்போடப் பந்தலுக்குக் கம்பு வேண்டும் என்று ஒரு கிளையை வெட்டினான். முகத்தில் பால் தெறித்தது. மறுநாள் காலையில் இரண்டு கண்ணும் வீங்கி ஒட்டிக்கொண்டு திறக்க முடியவில்லை.

மரியானின் மாமனார் ஒரு காலத்தில் புன்னைக்காயல் சேற்றில் விறகு வெட்டியவர். அவர் வந்து பார்த்துவிட்டு, "இது தில்லைப் பாலுலா" என்றார். இலை அந்த மாதிரி இல்லையே என்று யாரோ கேட்டதற்கும் பதில் வைத்திருந்தார்: "உப்புத் தண்ணியில நின்னா இலை அப்படி இருக்கும். அரிசி கழுவுன தண்ணியில நின்னா இப்படித்தான் இருக்கும்."

விஷயம் சம்மாட்டி காதுக்குப் போனது. சம்மாட்டி என்றால் படகுக்குச் சொந்தக்காரர். அவர் சங்கு ஆபீசில் சொல்ல, அங்கிருந்து எங்கள் ஆபீசுக்கு வந்தது. என்ன மரம் என்று பார்த்துச் சொல்லவேண்டும்.

ரேஞ்சர் என்னைக் கூப்பிட்டார். "இலையோட ஒரு கொப்பு, உள்ளங்கை அகலத்துக்குப் பட்டை, பூ இருந்தா பூ, இல்லைன்னா மொட்டு. நாக்குல வைக்காதீரும். கையை மூஞ்சிக்குக் கொண்டு போவாதீரும். பாத்ததை மட்டும் வந்து சொல்லும், நெனைச்சதைச் சொல்லாதீரும்."

நாலு கட்டளை. முதல் இரண்டையும் ஒழுங்காக நிறைவேற்றினேன்.

லூர்தம்மாளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கலாம். மரத்தடியில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தாள். அந்தத் தெருவில் வேறு பச்சை கிடையாது. மணல், ஓலை, மீன் செதில், வெயில். நடுவில் இந்த ஒரு மரம் மட்டும் குடைபிடித்த மாதிரி கருகருவென்று நின்றது. பங்குனி வெயிலிலும் ஓர் இலை வாடவில்லை.

"யாரு நட்டது அக்கா?"

"எங்க வீட்டுக்காரவுக. கொழும்புத் தோணியில போயிட்டு வந்தப்ப ஒரு கொட்டையைக் கொண்டாந்து ஊணுனாவ. என்ன மரம்னு கேட்டேன். பழுக்கட்டும், பேரு அப்ப சொல்லுதேன்னாவ. பொறவு கொழும்புல ஏதோ கப்பல்ல ஏறுனாவளாம். சண்டை வந்துட்டுது. ஆளும் வரல, சேதியும் வரல." பின்னுவதை நிறுத்தாமலே சொன்னாள். "இந்த வருசந்தான் மொட்டு விட்டிருக்கு. பழம் வந்தா ஆளும் வருவாவன்னு ஒரு இது."

புருஷன் பெயர் சூசை. நல்ல தண்ணீரைக் குடம் சுமந்து கொண்டுவருகிற தெருவில், அரிசி கழுவுகிற தண்ணீரைக் கீழே சிந்தாமல் அந்த மரத்துக்கு ஊற்றி வளர்த்திருந்தாள்.

தெருவே கூடிவிட்டது. சர்க்கார் ஆள் வந்திருக்கிறான் என்று பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். எனக்கும் கொஞ்சம் மிதப்பு. கத்தியை எடுத்துப் பட்டையைச் செதுக்கினேன். மேலே சாம்பலும் மண்நிறமுமாக வெடிப்பு, உள்ளே இளஞ்சிவப்பு. வெடிப்பிலிருந்து பால் பொலுபொலுவென்று வந்தது. கொப்பு ஒடித்தேன். இலைகள் கொப்பின் நுனியில் கூட்டமாக அடுக்கியிருந்தன. தடித்த, வழவழப்பான இலை. ஓரத்தில் பல் இல்லை. இலைக் காம்புக்கிடையில் மொட்டுகள், ஒவ்வொன்றும் தனிக் காம்பில், துரு ஏறின ஆணித்தலை மாதிரி தவிட்டு நிறத்தில். எல்லாவற்றையும் ரேஞ்சருக்குச் சொல்லவேண்டிய வரிசையில் மனத்துக்குள் அடுக்கிக்கொண்டே, நெற்றியில் வழிந்த வேர்வையைப் புறங்கையால் துடைத்தேன்.

கண் எரிந்தது.

கையைப் பார்த்தேன். மணிக்கட்டு வரை பால்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் செய்தேன் என்று சொல்வதைவிட என் கால்கள் செய்தன என்பது பொருத்தம். "ஐயோ என் கண்ணு!" என்று ஒரு சத்தம் கேட்டது. யாருடைய சத்தம் என்று திரும்பிப் பார்த்த ஞாபகங்கூட இருக்கிறது. கடலைப் பார்த்து ஓடி, நிக்கரோடு இடுப்பளவு தண்ணீரில் விழுந்து, உப்புத்தண்ணீரை அள்ளி அள்ளிக் கண்ணில் அடித்தேன். எரிச்சல் பத்து மடங்கானது. பார், விஷம் ஏறுகிறது என்று இன்னும் வேகமாக அடித்தேன். கண்ணுக்குள் மணலும் போயிற்று. கரையேறியபோது சூரியனை ஒரு மேகம் மறைத்தது. உலகம் இருண்டுகொண்டு வருகிறது, ஆரம்பித்துவிட்டது என்று முடிவுகட்டிவிட்டேன். சைக்கிள் லூர்தம்மாள் வீட்டு வாசலிலேயே நின்றது. குருடனுக்கு எதற்குச் சைக்கிள்? ஓடினேன்.

ஓட்டத்தில் எனக்கிருந்த பெரிய கவலையையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த முகூர்த்தத்தில் ஊரில் எனக்குப் பெண் பார்க்க ஏற்பாடாகியிருந்தது. பெண் பார்க்கப் போகிறவனுக்குக் கண் இல்லாவிட்டால் அந்த வைபவத்துக்கு என்ன பெயர் வைப்பது?

ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் என் கண்ணைப் பிளந்து பார்த்தார். விரலை நீட்டினார்.

"இது எத்தனை?"

"மூணு சார்."

"சரியாத்தானவே சொல்லுதீரு. பொறவு எதுக்கு அழுதீரு?"

"அது இன்னைக்கு சார். நாளைக்கு?"

"கண்ணுல உப்பும் மண்ணுந்தான் கெடக்கு. கடலுக்குள்ளயே போயி கண்ணைத் திறந்தீரோ?" என்று கழுவிவிட்டு அனுப்பினார். மறுநாளும் மூன்று விரல் மூன்றாகவே தெரிந்தது. பெண்ணும் தெரிந்தாள். கட்டிக்கொண்டேன். சண்டை வரும்போதெல்லாம் அவள், "நல்லாக் கண்ணு தெரிஞ்ச நேரத்துலதான் என்னைப் பாத்தியளா?" என்று கேட்பது இன்றுவரை நடக்கிறது.

சிரிப்புக் கதை இத்தோடு முடிந்தது.

லூர்தம்மாள் என் கொப்பையும் பட்டையையும் ஒரு பனை ஓலைப் பெட்டியில் போட்டு, சைக்கிளோடு ஆபீசுக்குக் கொடுத்தனுப்பியிருந்தாள். ரேஞ்சர் கொப்பின் அடியைத் தண்ணீருக்குள் வைத்துச் சாய்வாக நறுக்கி, ஒரு கண்ணாடித் தம்ளரில் நிற்கவைத்தார். இலையை வெளிச்சத்தில் பார்த்தார், கசக்கினார், கிழித்தார். பட்டையை நகத்தால் கீறினார். மொட்டுகளைப் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார்.

"தில்லைப் பூ சின்ன வால் மாதிரி கதிர் கதிராத் தொங்கும்வே. இது தனித்தனி மொட்டு. தில்லை இல்ல."

எனக்கு உயிர் வந்தது. "அப்ப விஷமில்லைன்னு போய்ச் சொல்லிரட்டா ஐயா?"

"அது எப்படிவே? தில்லை இல்லைன்னுதான் சொன்னேன். பால் வடியிற மரத்துல கெட்டதும் கெடக்கு, நல்லதும் கெடக்கு. இது என்னன்னு தெரியாம விஷமில்லைன்னு எப்படிச் சொல்ல? நாளைக்கு ஒரு பிள்ளை இதுல ஏறி விளையாடுது, ஏதும் ஆச்சுன்னா?"

"என் கண்ணுல பட்டுதுல்லா ஐயா? ஒண்ணும் ஆகலியே."

"உம்ம கண்ணுல பட்டது வேர்வையா பாலான்னு உமக்குத் தெரியுமா?"

தெரியாது. உண்மையாகவே தெரியாது.

"மொட்டு முத்திட்டுது. விரியட்டும். எண்ணிப் பாத்துட்டுச் சொல்லுதேன். அதுவரை மரம் நிக்கட்டும்."

நான் திரும்பப் போனேன். இந்தத் தடவை தெருவில் வேறு முகம். மரியானின் பெண்டாட்டிக்கும் கண் சிவந்திருந்தது. இரண்டு பிள்ளைகளுக்கும் பீளை தள்ளியது. மரத்துக் காற்றே ஆகாது என்று பேச்சாகிவிட்டது. சம்மாட்டி ஆளனுப்பி, அந்த மரம் நிற்கிறவரை இந்தத் தெருவிலிருந்து ஒருத்தனையும் படகில் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். காலையில் கடலுக்குப் போகவேண்டிய ஆண்கள் எல்லாம் வீட்டு நிழலில் குத்தவைத்திருந்தார்கள்.

நான் நடுத்தெருவில் நின்று சொன்னேன். "பயப்படாதிய. இது தில்லை இல்ல, ரேஞ்சர் பாத்துட்டாவ. என் கண்ணுல பட்டுச்சு, இந்தா பாருங்க, நல்லா இருக்கு."

மரியானின் மாமனார்தான் முதலில் சிரித்தார். "நீருதான சொல்லுதீரு? கடலுக்குள்ள விழுந்து எந்திரிச்சு ஓடுனீரே, அப்ப இந்தக் கண்ணு எங்கன இருந்துது?"

"அது பயத்துல ஓடுனது அண்ணாச்சி."

"சர்க்காரே பயந்துட்டுது, நாங்க பயப்படக் கூடாதோ?"

ஒரு பெண் பிள்ளை என் ஓட்டத்தை அபிநயம் பிடித்துக் காட்டினாள். கண்ணைப் பொத்திக்கொண்டு, "ஐயோ என் கண்ணு!" என்று. அச்சு அசலாக இருந்தது. எனக்கே சிரிப்பு வந்தது. சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. நான் சிரித்ததும் நான் சொன்னதும் சேர்த்து விளையாட்டாகிவிட்டது. இருபத்தைந்து வயதுவரை எல்லோரையும் சிரிக்கவைத்தே காலம் தள்ளியவனுக்கு, சிரிக்காமல் ஒன்றைச் சொல்வது எப்படி என்று அந்த இடத்தில் தெரியவில்லை.

லூர்தம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"எய்யா, தில்லை இல்லைன்னு சொல்லுதிய. சரி. அப்ப இது என்ன மரம்?"

"பூ விரியணும் அக்கா. ஒண்ணு ரெண்டு நாள்தான்."

"விசம் இல்லைன்னு உங்க ரேஞ்சர் சொன்னாவளா?"

நான் சைக்கிள் மணியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"தவசு காலம், பொய் சொல்லாதிய. சொன்னாவளா?"

"சொல்லல அக்கா. இருக்கும்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல."

"எனக்கு நிழல். அவுகளுக்குக் கண்ணு" என்றாள். "பேரு தெரியாத மரத்தை வச்சிக்கிட்டு மரியான் பிள்ளையள் மூஞ்சியில நான் எப்படி முழிக்க? எங்க வீட்டுக்காரவுக இருந்தா விசம் இல்லைன்னு நான் அடிச்சிப் பேசுவேன். அவுகளும் இல்ல."

நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஆபீசுக்குப் போய் ரேஞ்சரிடம் கெஞ்சினேன். ஒரு வார்த்தை, வாய்வார்த்தையாக, விஷமில்லை என்று. அவர் தம்ளரின் தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தார். "நாளைக்கு விரிஞ்சிரும்வே" என்றார். அவர் குரலிலும் வருத்தம் இருந்தது. ஆனால் அந்த வார்த்தை வரவில்லை.

மறுநாள் காலையில் நான் மறுபடி போனபோது மரியானின் கூட்டாளிகள் இரண்டு பேர் கோடாலியோடு நின்றார்கள். கடலுக்குப் போகிற மாதிரி உடம்பெல்லாம் தேங்காய் எண்ணெய் பூசி, ஈரத் துணியை முகத்தில் சுற்றி, கண்ணுக்கு மட்டும் கீற்று விட்டிருந்தார்கள். பிள்ளைகளை எல்லாம் வீட்டுக்குள் போட்டுப் பூட்டியிருந்தது. ஓரமாக லூர்தம்மாள் நின்றாள். அவள்தான் கூப்பிட்டு வெட்டச் சொல்லியிருந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "சேசுவே" என்று ஒரு தடவை சொன்னாள்.

"அக்கா, இன்னைக்கு விரிஞ்சிரும். சாயங்காலம் வரைக்கும் பொறுங்க."

"இன்னைக்கும் ஒருத்தரும் கடலுக்குப் போவலையே தம்பி."

வெட்டினார்கள். பால் அடிமரத்தில் வழிந்து மணலை நனைத்தது. மரம் சாய்ந்ததும் துணி சுற்றியவர்கள் விலகி நின்றுகொண்டார்கள், தொடப் பயந்து. லூர்தம்மாளே போய்க் கிளைகளை இழுத்தாள். பால் அவள் முழங்கைவரை ஓடியது. கன்னத்திலும் தெறித்தது. அதைத் தோள்துணியால் துடைத்துவிட்டு மறுபடி இழுத்தாள். கண் சிவக்கவில்லை, கொப்புளம் வரவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். "பாருங்க, அக்கா கையைப் பாருங்க!" என்று கத்தினேன். அங்கிருந்த ஒருவரும் திரும்பவில்லை. அப்போது கத்தி என்ன, கத்தாமல் என்ன, மரம் கீழே கிடந்தது.

தில்லையை எரித்தால் புகை கண்ணைக் கெடுக்கும் என்று அங்கே ஒரு நம்பிக்கை. ஆகவே விறகுக்குத் தட்டழிந்த அந்த யுத்த காலத்திலும் அந்த மரத்தில் ஒரு குச்சியைக்கூட யாரும் அடுப்பில் வைக்கவில்லை. கயிறு கட்டிக் கடலுக்குள் இழுத்துக்கொண்டுபோய் ஆழத்தில் விட்டுவிட்டு வந்தார்கள். வேரையும் தோண்டி எடுத்தார்கள். துளிர்க்கக்கூட ஒன்றும் மிச்சமில்லை. மறுநாள் எல்லோரும் படகேறினார்கள்.

மரத்தை வெட்டிய அன்றே சாயங்காலம் ஆபீசில் தம்ளருக்குள் ஒரு மொட்டு திறந்தது. சின்னப் பூ. வெள்ளை, மணி மாதிரி, வெளியே தவிட்டுநிற உறை. ரேஞ்சர் பிளேடால் அதை நெடுக்குவாட்டில் பிளந்து குண்டூசியால் விரித்தார். உதடு மட்டும் அசைய எண்ணினார். வெளியிதழ் மூன்றும் மூன்றுமாக இரண்டு அடுக்கு. உள்ளே ஆறு. பழைய இலைகள் ஒட்டிவைத்திருந்த காகிதக் கட்டிலிருந்து மகிழம்பூ ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"மகிழ மரத்துக்கும் இலுப்பைக்கும் ஒறவு இது. விசக்குடும்பம் இல்ல." பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "கோயம்புத்தூர்ல படிக்கும்போது ஒரு தோட்டத்துல பாத்திருக்கேன், தின்னும் இருக்கேன். சப்போட்டா."

நான் அந்த வார்த்தையை அதுவரை கேட்டதில்லை. அவர் வாயிலிருந்து "இருக்கலாம்" இல்லாமல் ஒரு மரத்தின் பெயர் வந்ததும் அன்றைக்குத்தான்.

"ஐயா, அங்க மரத்தை வெட்டிட்டாவ. காலையிலேயே."

அவர் எழுந்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு என் சைக்கிளின் பின்னால் ஏறிக்கொண்டார். லூர்தம்மாள் முற்றத்தில் குழிமேட்டைக் காலால் மட்டம் செய்துகொண்டிருந்தாள். ரேஞ்சர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அம்மா, அது பழமரம். ஒரு கெடுதலும் இல்லாத மரம். நேத்தே நான் சொல்லியிருக்கணும். சொல்லல."

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பழம் எப்படிய்யா இருக்கும்?"

"வெளிய உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும்மா. உள்ள கருப்பட்டியா இனிக்கும்."

"கருப்பட்டியாவா?" என்றாள். அப்புறம் உள்ளே போய் எங்களுக்கு இரண்டு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். அந்தத் தெருவில் தண்ணீர் தருவது பெரிய மரியாதை. ரேஞ்சர் குடித்தார். நான் தம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

யுத்தம் முடிந்து கொஞ்ச காலம் கழித்து, வேறு காரியமாக அந்தப் பக்கம் போனேன். லூர்தம்மாள் முற்றத்தில் ஒருவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார். சூசை. வந்துவிட்டார். ஆள் பாதியாகியிருந்தார்.

மரம் இருந்த இடத்தைக் காட்டி, மெதுவாகக் கேட்டேன். "அண்ணாச்சி, அந்த மரத்துக்குப் பேரு பழுத்த பொறவு சொல்லுதேன்னியளாமே?"

அவர் பெண்டாட்டி உள்ளே இருக்கிறாளா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "பேரு எனக்கு எங்க தெரியும்? கொழும்புல ஒரு தொரை வீட்டுத் தோட்டக்காரன் ஒரு பழம் தந்தான். நல்லா இருந்துது. கொட்டையை மடியில போட்டேன். இவ பேரு கேட்டா. தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துது. பழுக்கதுக்குள்ள எவன்ட்டயாவது கேட்டுச் சொல்லிரலாம்னு நெனைச்சேன்."

நான் பெயரைச் சொன்னேன். அவர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

இப்போது அந்தப் பழம் எல்லாத் தள்ளுவண்டியிலும் குவிந்துகிடக்கிறது. உபசாரத் தட்டில் நறுக்கி வைக்கிறார்கள்.

மரியானுக்கு வந்தது சாதாரணக் கண்வலி. அதே வாரம் அந்த மரத்தைப் பார்த்தே இராத தருவைக்குளத்திலும் வீட்டுக்கு வீடு வந்திருந்தது. ஆஸ்பத்திரிச் சொட்டு மருந்தில் அவனுக்கும் பெண்டாட்டிக்கும் பிள்ளைகளுக்கும் ஆறிவிட்டது. மரம் சப்போட்டா. அது பழுத்து ஒருவரும் பார்க்கவில்லை.